ஒரே கிருமி, இரண்டு உடம்பு

என் கணவர் நஸீருக்கு எச்.ஐ.வி. இருந்தது. எனக்கும் இருக்கிறது. அவர் மவுத்தாகி, மண்ணுக்குள் போய் ஒரு வருடத்துக்கு மேலாகிறது. நானோ இன்று காலையிலும் மீன்காரனோடு விலைக்கு மல்லுக்கட்டி, ஒரு பாரைத் துண்டை வாங்கி, ஆணம் காய்ச்சி, தனியாகத் தின்றுவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஒரு உடம்பைத் தின்று முடித்த கிருமி மற்ற உடம்பில் சும்மா கிடக்கிறது. ஏன் என்று நான் கேட்காத நாள் இல்லை. அதற்குக் கிடைத்த பாதி விடையையும், அவர் என்னிடம் கேட்டுக்கொண்ட ஒரு காரியத்தையும் எழுதி வைக்க வேண்டும். எங்களைப் போல் வாயைப் பொத்திக்கொண்டு கிளினிக் வாங்குப் பலகையில் உட்கார்ந்திருக்கும் யாருக்காவது பயன்படலாம்.

நாங்கள் கற்பிட்டிக்காரர். அவர் படகு எஞ்சின் திருத்துகிறவர். கடலுக்குப் போகாமலே கடல் வாசம் வீசும் மனிதர். அவர் இடுப்பில் கட்டும் சாரத்தில் மண்ணெண்ணெய் மணம் போக நான் போடாத சவர்க்காரம் இல்லை. நான் வீட்டில் அபாயா தைக்கிறேன். பிள்ளைகள் இல்லை. அவருக்கு ஒரே ஒரு நானா, ஹனீபா. வாப்பா சின்ன வயதிலேயே போய்விட்டதால் தம்பியைத் தூக்கி வளர்த்தவர். நான் அவரை மச்சான் என்று கூப்பிடுவேன்.

நோய் இருமலில் தொடங்கியது. பிறகு மெலிவு. எஞ்சினை ஒற்றைக் கையால் தூக்கித் தோளில் வைக்கிறவர் அதை நிலத்தில் இழுத்துக்கொண்டு போவதை ஒரு நாள் ஜன்னலால் பார்த்தேன். இருமல் பாணி குடித்தார், கருஞ்சீரகம் தின்றார், பள்ளியில் ஓதிய தண்ணீர் குடித்தார். கடைசியில் பஸ் ஏறிப் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். நெஞ்சுப் படத்தைப் பார்த்ததும் காசநோய் என்றார்கள். காசநோய் என்றால் இந்தக் கிருமி இருக்கிறதா என்று இரத்தத்தையும் பார்ப்பது அங்கே வழக்கம். பார்த்தார்கள். பிறகு என் இரத்தத்தையும் பார்த்தார்கள்.

அந்தக் கிருமி எங்கிருந்து வந்தது என்று நான் அவரிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். அதனால்தான் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரி வாட்டில் படுத்திருந்த அந்த முதல் கிழமையில்தான் அவர் அந்தக் காரியத்தைக் கேட்டார். பகல் சாப்பாட்டு நேரம். பக்கத்துக் கட்டில்காரர் எழும்பி முகம் கழுவப் போயிருந்தார்.

"புள்ள, நான் மவுத்தானா என்னைக் குளுப்பாட்டுவாங்களா?"

"என்ன கதை இது? தின்னுங்க."

"செல்லு. பைக்குள்ள கட்டிக் குடுத்திருவாங்களா?"

கொரோனாவில் போன எங்கள் ஆட்களைக் குளிப்பாட்ட விடாமல், கபன் துணி சுற்ற விடாமல் எரித்த நாட்களை இந்தக் கரையில் யாரும் மறக்கவில்லை. அவருடைய கூட்டாளி ஒருவரும் அப்படித்தான் போனார். செத்த பிறகு நம் கையால் ஒரு வாளி தண்ணீர் ஊற்றக்கூட விடவில்லையே என்று அந்த வீட்டில் அவர்கள் அழுத அழுகையை இவர் வாசலில் நின்று கேட்டவர். அந்தப் பயம் அவருக்கு மவுத்தைவிடப் பெரிதாக இருந்தது.

நான் டொக்டரிடம் கேட்டுவிட்டு வந்து சொன்னேன். கையுறை போட்டுக்கொண்டு தாராளமாகக் குளிப்பாட்டலாமாம், தொட்டால் ஒட்டாதாம், யாரும் தடுக்க மாட்டார்களாம். அவர் கட்டிலில் எழும்பி உட்கார்ந்தார்.

"அப்ப ஒண்டு செய். பொய் செல்லிக் குளுப்பாட்ட வெக்காத. இன்ன நோய் எண்டு தெரிஞ்சி வாற கை வேணும். ஒத்தக் கையெண்டாலும் போதும். ஆனா நான் உசிரோட இரிக்கக்குள்ள ஒருத்தருக்கும் செல்லாத. அவங்கட மொகத்தைப் பாக்க எனக்கி ஏலா."

சரி என்றேன். சொல்லிவிட்டுத்தான் அது எவ்வளவு பெரிய சரி என்று விளங்கியது.

கிளினிக்கைப் பற்றி ஒரு வார்த்தை. அங்கே எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நாங்கள் இரண்டு பேரும் வாங்கின் இரண்டு தலைப்பில் அறிமுகமில்லாதவர்கள் மாதிரி உட்காருவோம். ஒரு முறை எங்கள் தெருக்காரர் ஒருவர் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். எங்களைக் கண்டார். நான் "சீனி பாக்க வந்த" என்றேன். அதே மூச்சில் அந்தத் தெருக்காரரும் "சீனி பாக்க வந்த" என்றார். அந்தக் கட்டடத்தில் யாரும் யாருக்கும் சீனி வியாதி பார்ப்பதில்லை. வெளியே வந்து என் கணவர் சிரித்த சிரிப்பில் இருமல் வந்து, தண்ணீர் வாங்கிக் கொடுக்க வேண்டியதாயிற்று. அந்த மனிதரும் இன்றுவரை எங்களைப் பற்றி வாய் திறக்கவில்லை. அல்லாஹ் அவருக்கு நல்ல சுகத்தைக் கொடுக்கட்டும்.

டொக்டர் மிஸ் சிலாபத்துச் சிங்களப் பெண். தமிழை எங்களைவிட மெதுவாக, எங்களைவிடச் சுத்தமாகப் பேசுவார். எங்கள் இரண்டு பேருடைய முடிவுகளையும் பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார். இரத்தத்தில் எவ்வளவு கிருமி ஓடுகிறது என்று ஒரு அளவு பார்ப்பார்கள். நோயை எதிர்க்கும் வெள்ளை இரத்தக் கலங்கள் எவ்வளவு மிச்சம் என்று இன்னொரு அளவு. என் கணவருக்குக் கிருமி கொள்ளை, வெள்ளைக் கலம் சொற்பம். எனக்குக் கிருமி இருப்பதே கொஞ்சமாகத்தான், வெள்ளைக் கலம் ஏறக்குறைய நல்ல ஆளுக்கு இருக்கிற அளவு. இரண்டு பேருக்கும் பல வருடங்களாக இருந்திருக்கும் என்றார். மருந்துக் குளிசை தொடங்குவதற்கு முன்னர் எங்கள் இரத்தத்தில் கொஞ்சத்தை வெளிநாட்டில் நடக்கும் ஓர் ஆராய்ச்சிக்கு அனுப்பலாமா என்று கேட்டார். என் கணவர் "எடுங்க மிஸ், நல்லதா இரிக்கிறது அது மட்டுந்தான்" என்றார்.

காசநோய்க் குளிசையும் பிறகு இந்தக் கிருமிக்கான குளிசையும் அவரைத் தூக்கி நிறுத்தின. கன்னம் நிரம்பியது. பட்டறைக்குப் போனார். ஹனீபா மச்சான் தம்பியின் தோளைத் தட்டி, "நெஞ்சுச் சளிக்கி என்ன பாடு படுத்திட்டான்" என்று ஊரெல்லாம் சொன்னார். அவருக்குத் தெரிந்ததெல்லாம் சளிதான். எல்லாம் சரியாகிவிட்டது என்று நம்பினோமே.

அந்த நல்ல காலத்தில்தான் ஆராய்ச்சி முடிவு வந்தது. டொக்டர் மிஸ் மேசையில் கிடந்த ஒரு கடதாசியை எடுத்துச் சுருட்டினார்.

"கச்சான் கடலை போட்டுக் குடுக்கிற சுருள் தெரியும்தானே? இந்தக் கிருமிக்குள்ள இப்படி ஒரு கூடு இருக்கு. கெப்சிட் என்று சொல்லுவோம். ஒரே வகைப் புரதத் துண்டுகளை ஒன்றோட ஒன்று கோர்த்துச் செய்த கூடு. கிருமி பெருகிறதுக்கு வேண்டிய சரக்கு எல்லாம் இதுக்குள்ளதான்."

கிருமி நம் இரத்தக் கலத்துக்குள் நுழையும்போது அதன் வெளித்தோல் வாசலிலேயே கழன்றுவிடுமாம். உள்ளே போவது இந்தக் கூடுதான். கலத்தின் நடுவில் இருக்கும் கருவுக்குள் அது போய்ச் சேர வேண்டும். வழியில் உடைந்தால் கலத்தின் காவல் சரக்கைக் கண்டுபிடித்து அழித்துவிடும். போய்ச் சேர்ந்த பிறகு திறக்காமல் கிடந்தாலும் பயனில்லை. கொஞ்சம் இறுகினாலும் பிழை, கொஞ்சம் தளர்ந்தாலும் பிழை. அவ்வளவு அளவெடுத்துச் செய்த கூடு.

"கிருமி பிடிச்ச கலத்தை எங்கட உடம்பு எப்படிக் கண்டுபிடிக்கும்? அந்தக் கூட்டின்ட சின்னத் துண்டு ஒன்று கலத்துக்கு வெளியில தெரியும். உடம்பின்ட காவல்காரன் அதைப் பார்த்து அந்தக் கலத்தையே கொல்லுவான். ஆனா எல்லார்ட காவல்காரனும் ஒரே துண்டைப் பார்க்கிறதில்லை. அது உம்மா வாப்பாவிட்ட இருந்து வந்த உடம்பு வாகு."

என் உடம்பின் காவல் பிடித்தது கூட்டின் முக்கியமான ஓர் இடத்தை. கிருமி தப்புவதற்காக அந்த இடத்தை மாற்றிக்கொண்டது. தப்பிவிட்டது. ஆனால் மாற்றிய கூடு முன்னைப் போல் பொருந்தவில்லை. புதுக் கலத்தைப் பிடிக்கப் போகிற கிருமிகளில் பல வழியிலேயே வீணாகின்றன. அவருடைய உடம்பு பிடித்தது வேறோர் இடத்தை. அங்கே மாறியதில் கிருமிக்கு ஒரு குறையும் வரவில்லை. "இதுதான் காரணம் என்று சத்தியம் பண்ண மாட்டேன். வேற காரணங்களும் இருக்கும். ஆனா இது ஒரு காரணம்" என்றார் டொக்டர் மிஸ்.

என் கணவர் எஞ்சின்காரர் அல்லவா, உடனே பிடித்துக்கொண்டார். "அப்ப மிஸ், இவட கிருமிக்கி எஞ்சின் கேஸ்கட் போயிட்டு. ஓடுது, இழுக்குதில்ல."

"அதேதான்" என்று டொக்டர் மிஸ் சிரித்தார்.

"அப்ப எனக்கிக் குளிசை தேவல்லையா?" என்று நான் கேட்டேன்.

"கட்டாயம் தேவை. அது சும்மா இருக்காது. இன்னொரு இடத்தில மாறி, போன கேஸ்கட்டுக்கு முட்டுக் குடுத்து, திரும்பவும் நல்லா ஓடத் தொடங்கும். குளிசை போட்டால் அது பெருகவே ஏலாது. பெருகாட்டி மாறவும் ஏலாது."

யார் யாருக்குக் கொடுத்தது என்று அந்தக் கூடு சொல்லுமா என்று கேட்க வாயெடுத்தேன். என் கணவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, கடதாசிச் சுருளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேள்வியை விழுங்கிவிட்டேன். டொக்டர் மிஸ் இன்னொன்றும் சொன்னார். அந்தக் கூட்டையே இயங்க விடாமல் பிடித்துக்கொள்ளும் ஊசி மருந்து ஒன்று வெளிநாடுகளில் வந்திருக்கிறதாம், வருடத்தில் இரண்டு தடவை போட்டால் போதுமாம். கூடு மாறினால் சில வேளை அந்த மருந்துக்கும் அது தப்பிவிடுமாம். "இங்க வரக்குள்ள பார்ப்போம்" என்றார். அப்போது அதை நாங்கள் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. இப்போது அடிக்கடி நினைக்கிறேன். அந்த ஊசி இருந்திருந்தால் நோன்புக்கு முன்னரே ஒன்றைப் போட்டிருப்பாரே.

ஏனென்றால் எல்லாம் போனது நோன்பில்.

குளிசையைத் தினமும் ஒரே நேரத்தில் போட வேண்டும் என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள். அவர் காலை எட்டு மணி என்று வைத்துக்கொண்டார். எஞ்சினுக்கு எண்ணெய் அளக்கிறவர் மாதிரி, ஒரு நிமிடம் பிந்த மாட்டார். நோன்பு வந்தது. எட்டு மணிக்குக் குளிசை விழுங்கினால் நோன்பு முறிந்துவிடும். நேரம் மாற்றினால் மருந்து வேலை செய்யாது, உடம்புக்கும் கூடாது என்று தன்பாட்டில் ஒரு தீர்ப்பு எழுதிக்கொண்டார். நோயாளிக்கு நோன்பில் விலக்கு உண்டு என்பது அவருக்குத் தெரியாததல்ல. ஆனால் தேறி நடமாடுகிற மனிதன் நோன்பு பிடிக்காவிட்டால் என்ன நோய் என்று ஊர் கேட்கும். கிளினிக்கில் கேட்டால் நோன்பை விடு என்பார்கள் என்று பயம். ஆகவே யாரிடமும் கேட்காமல், ஒரு மாதம்தானே என்று நிறுத்திவிட்டார்.

நான் கேட்டிருந்தேன். என் குளிசையை இராச் சாப்பாட்டோடு மாற்றலாமா என்று நேர்ஸ் மிஸ்ஸிடம் கேட்க, அதற்கென்ன, தாராளமாக என்றார். அவ்வளவுதான் விஷயம். அதை இவரிடமும் சொன்னேன். "நான் சஹரோட போடுறன்" என்றார். விடியுமுன் சாப்பிடும் அந்தச் சஹர் சாப்பாட்டுக்கு அவர் போவது நானா வீட்டுக்கு. அண்ணனும் தம்பியும் நோன்பு மாதத்தில் ஒரே சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவது அவர்கள் குடும்பத்து வழக்கம். அங்கே அத்தனை பேர் முன்னால் எந்தக் குளிசையைப் போடுவது? எனக்கு அது பிறகுதான் விளங்கியது. இதை வாசிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன்: நேரத்தை மாற்றலாம். கேளுங்கள். வெட்கப்பட்டுக்கொண்டு சாகாதீர்கள்.

நோன்புப் பெருநாள் கழிந்து அவருக்குத் தலையிடி வந்தது. வெளிச்சத்தைப் பார்க்க முடியவில்லை. கழுத்து விறைத்துப்போயிற்று. பேச்சு நடுவில் என்னை உம்மா என்று கூப்பிட்டார். கொழும்புக்கு அனுப்பினார்கள். முதுகெலும்புக்கு நடுவில் ஊசி ஏற்றி மூளையைச் சுற்றியிருக்கும் நீரை எடுத்துப் பார்த்தார்கள். மூளை உறையில் ஒரு வகைப் பூஞ்சை. நல்ல உடம்பு அதைப் பொருட்படுத்தவே செய்யாது. காவல் இல்லாத உடம்பில் அது குடியேறிவிடும் என்றார்கள். குளிசையில்லாத அந்த மாதத்தில் அவருடைய கிருமி, குறையில்லாத கூட்டோடு, மிச்சமிருந்த வெள்ளைக் கலங்களையும் முடித்துவிட்டிருந்தது. அதே மாதம் நான் குளிசையைத் தவறவிட்டிருந்தாலும் ஒருவேளை எனக்கு ஒன்றும் ஆகியிருக்காது. இந்த அநியாயத்தை யாரிடம் போய்ச் சொல்வது?

பூஞ்சைக்கு ஏற்றிய சேலைன் மருந்தில் அவர் உடம்பு தூக்கிப் போட்டு நடுங்கும். போர்வைக்கு மேல் போர்வை போட்டு நான் அதன் மேல் சாய்ந்துகொள்வேன். நடுக்கம் நின்றதும், "கேஸ்கட் நல்லா இரிக்கி புள்ள, அதான் இந்த ஓட்டம்" என்றார். அது அவர் கடைசியாகச் செய்த பகிடி. நான் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம்.

ஹனீபா மச்சான் கற்பிட்டியிலிருந்து பஸ்ஸில் வந்து வந்து போனார். வெயிலில் வதங்கிய முகத்தோடு, கையில் சோற்றுப் பார்சலோடு வருவார். மூளைக் காய்ச்சல் என்று அவருக்குச் சொல்லியிருந்தேன். சோற்றைப் பிசைந்து சின்னச் சின்ன உருண்டையாக்கித் தம்பியின் வாயில் வைப்பார். வழிந்ததைத் தன் விரலால் துடைத்துவிடுவார். அப்போது என்னால் பக்கத்தில் நிற்க முடியாது. இந்தக் கைதான், இவரிடம்தான் சொல்ல வேண்டும், சொன்ன பிறகு இந்தக் கை வருமா என்று நினைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய்விடுவேன்.

ஒரு நாள் நடுப்பகல் ளுஹர் தொழுகை நேரத்துக்குப் பிறகு அவர் போனார். அமைதியாகப் போனார். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு மனமில்லை.

அவர் உடலை, ஜனாஸாவை, ஊருக்குக் கொண்டுபோக மச்சான் வேன் பிடித்துக்கொண்டு வந்தார். ஆஸ்பத்திரிக் கொறிடோரில் வைத்துச் சொன்னேன். ஒளிக்காமல், நோயின் பெயரைச் சொல்லியே சொன்னேன். எனக்கும் இருக்கிறது என்றும், தம்பி என்ன கேட்டார் என்றும் சொன்னேன். அவர் தன் வலது கையை விரித்துப் பார்த்தார். பிறகு சாரத்தில் துடைத்தார். பாலாவிச் சந்தி தாண்டி வீடு வரும்வரை வேனில் அவர் முன்னால் திரும்பியபடியே இருந்தார்.

வீட்டில் முற்றத்தில் சேலைகளைக் கட்டி மறைத்து, பலகை போட்டு, இலந்தை இலை போட்ட தண்ணீர் தயாராக இருந்தது. பள்ளியிலிருந்து மையித்துக் குளிப்பாட்டுகிற இரண்டு பேர் வந்திருந்தார்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்று மௌலவியிடம் நோயின் பெயரைச் சொன்னேன். டொக்டர் மிஸ் கொடுத்தனுப்பிய கையுறைகளையும் நீட்டினேன். தொட்டால் ஒட்டாது என்றேன். வெளியே குசுகுசுப்பு. அந்த இரண்டு பேரில் ஒருவர், "எங்கட வீட்டுல சின்னப் புள்ளயள் இரிக்கி, மௌலவி" என்பது கேட்டது. அவர்களை நான் ஏசவில்லை. மௌலவி கொஞ்சம் நின்று, "மனைவி தன் புருஷனைக் குளுப்பாட்டலாம், மார்க்கத்தில தடையில்ல" என்றார். அவருக்கு நன்றி.

சேலை மறைப்புக்குள் நான் தனியாகப் போனேன். கையுறை போட்டேன். மறைப்புக்கு வெளியே யாரோ தண்ணீர் இறைத்து வாளியைக் கீழால் உள்ளே தள்ளிவிட்டார்கள். அந்தக் கணுக்கால்களை எனக்குத் தெரியும். ஹனீபா மச்சான். அதற்கு மேல் ஓர் அடி வைக்கவில்லை. வெற்று வாளியைத் தள்ளினேன், நிறைந்த வாளி வந்தது.

முகத்தைக் கழுவினேன். கைகளைக் கழுவினேன். நகக் கண்ணில் அந்த வியாதியாலும் போக்க முடியாத எஞ்சின் கறுப்பு இருந்தது. முன்பக்கம் முடிந்தது. இனிப் பக்கவாட்டில் திருப்ப வேண்டும்.

"மச்சான்" என்றேன். "எனக்கித் தனியாத் திருப்ப ஏலா."

வெளியே பேசிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். நான் திரும்பக் கூப்பிடவில்லை.

சேலை விலகியது. அவர் உள்ளே வந்து, என்னைப் பார்க்காமல், கையை நீட்டினார். மிச்சமிருந்த கையுறையைக் கொடுத்தேன். போடத் தெரியாமல் விரல்கள் சிக்கின, போட்டுவிட்டேன். தோளுக்குக் கீழே ஒரு கையும் இடுப்புக்குக் கீழே ஒரு கையும் கொடுத்துத் தம்பியைத் தன் நெஞ்சோடு சாய்த்துப் பிடித்தார். நான் முதுகுக்குத் தண்ணீர் ஊற்றினேன். அவருடைய சட்டையெல்லாம் நனைந்தது.

"பாரமே இல்லியே இவன்" என்றார். "பாரமே இல்லியே, புள்ள." பிறகு வாய்விட்டு அழுதார்.

நான் பேசாமல் தண்ணீர் ஊற்றினேன். கொழும்பு வாட்டில் அத்தனை நாளும் என் கணவரை நான் தனியாகத்தான் திருப்பிப் படுக்க வைத்திருந்தேன்.